தேடிக் கொடுக்கும் விருது



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கான்கிரீட் கலவை விகிதம் பற்றி எழுதித் தருவதாகத்தான் முதலில் சொன்னேன். நோட்டைப் பார்த்து எழுதிவிடலாம், கஷ்டமில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் பேரவை இரண்டு ஆண்டுகளாக வழங்கிவரும் 'சிறந்த தொண்டர் விருது' குழுவில் இரண்டு முறையும் இருந்தவன் நான் ஒருவன்தான். முதல் ஆண்டில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். அந்தத் தவற்றில் என் சிவப்பு மையும் இருக்கிறது. ஆறாவது செமஸ்டர் முடிந்து நான் போய்விடுவேன். அடுத்து இந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வரும். ஆகவே, ஊரில் தொண்டு செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுப்பது எப்படி என்பதை, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டபடி, இங்கே எழுதுகிறேன்.

தொண்டுக்கு விருது எதற்கு?

குழு கூடிய முதல் நாளே ஒரு நண்பன் கேட்டான்: "பலனை எதிர்பார்க்காம செய்யறதுதானே தொண்டு? அதுக்கு எதுக்குடா விருது? கொடுத்தா அது கூலி ஆயிடாதா?"

நியாயமான கேள்வி. திருவள்ளுவரும் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தின் முதல் குறளில், மழைக்கு இந்த உலகம் என்ன திருப்பிச் செய்கிறது என்று கேட்கிறார். ஆனால் அதே வள்ளுவர்தான் 'செய்ந்நன்றியறிதல்' என்று பத்துக் குறளைத் தனியே எழுதி வைத்தார். முதலாவது கொடுப்பவருக்குச் சொன்னது. இரண்டாவது வாங்கிக்கொண்டவருக்குச் சொன்னது. எதிர்பார்க்காமல் இருப்பது அவர் பெருமை. மறக்காமல் இருப்பது நம் கடமை. விருது என்பது இந்த இரண்டாவது கணக்கில் வருகிறது. இப்படிப் புரிந்துகொண்டால் அது கூலி ஆகாது.

உலகமும் இதற்கென்று ஒரு நாளை வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1985-இல் எடுத்த முடிவின்படி, டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2001-ஆம் ஆண்டைத் தன்னார்வலர்களுக்கான ஆண்டாக அறிவித்தார்கள். 2026-ஆம் ஆண்டையும் அப்படியே அறிவித்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் மாணவர்களுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. நாம் என்.எஸ்.எஸ். என்று சொல்லும் நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஒரு வாரச் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. திட்டம் வெள்ளிவிழாவை எட்டிய 1993-94-இல், சிறப்பாகத் தொண்டு செய்த மாணவர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் தேசிய அளவில் விருது கொடுக்கும் வழக்கம் வந்தது. அதாவது, தொண்டு செய்யச் சொன்ன திட்டமே, செய்தவரை நினைவு வைக்க ஒரு ஏற்பாடும் வேண்டும் என்று 25 ஆண்டு அனுபவத்தில் உணர்ந்திருக்கிறது.

ஆக, விருது வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாங்கள் கோட்டை விட்டது 'எப்படி' என்ற கேள்வியில்.

முதல் ஆண்டு நடந்தது

முதல் ஆண்டு என்ன செய்தோம்? மற்றவர்கள் செய்வதைத்தான் செய்தோம். ஒரு விண்ணப்பப் படிவம் அடித்தோம். பெயர், முகவரி, செய்த தொண்டு, ஆதாரம் இணைக்கவும், கடைசித் தேதி. நோட்டீஸ் போர்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினோம்.

நான்கு விண்ணப்பம் வந்தது. நான்கும் ஆல்பத்தோடு வந்தது! செடி நடும் போட்டோ, நோட்டுப் புத்தகம் கொடுக்கும் போட்டோ, பத்திரிகைத் துணுக்கு எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு அழகாக இருந்தன. எங்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. எந்த ஆல்பம் தடிமனோ அவரே வெற்றியாளர் என்று ஆனது. அவர் விண்ணப்பத்தில், 'ஐந்து ஆண்டுகளில் 40 முறை ரத்ததானம்' என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் எல்லோரும் அசந்துபோனோம்.

ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் போதும். ஆண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த முறை கொடுக்கலாம். பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி. அப்படியானால் ஓர் ஆண் ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் கொடுக்க வழியில்லை. ஐந்து ஆண்டுக்கு 20. நாற்பது எங்கிருந்து வந்தது? இதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. விழா முடிந்த பிறகு எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். அவரிடமே போய் விசாரித்தோம். அவர் கோபப்படவில்லை. "நான் நடத்தின கேம்ப்பையும் சேர்த்துல்ல தம்பி எழுதினேன்" என்றார். அவர் பொய்யர் இல்லை. நல்ல மனிதர், நல்ல காரியங்களும் செய்திருக்கிறார். சரிபார்க்காதது எங்கள் தவறு.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு வேறு. பெயர்ப் பட்டியல் தயார் செய்த அன்று, நம் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தாத்தா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பைபாஸ்ல குட்டி யானை ஓட்டுறாப்பலயே ஒருத்தரு, அவரு பேரையும் போட்டுக்கோ" என்றார். மரியாதைக்காகப் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொண்டேன். குழு கூடியபோது, 'விண்ணப்பம் வரவில்லை' என்று சொல்லி அந்த வரியைச் சிவப்பு மையால் நானே அடித்தேன்.

வெங்காயச் சாக்கு வாசனை

விழா முடிந்த சாயங்காலம். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து விழா எவ்வளவு சிறப்பாக நடந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். டீ ஆற்றிக்கொண்டே மாஸ்டர் சிரித்தார்.

"எல்லாம் சரிப்பா. ராத்திரி பைபாஸ்ல அடிபட்டுக் கெடந்தா, வெங்காய லோடை இறக்கி ஓரமா வச்சிட்டு, ஆளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஜி.எச்.சுக்கு ஓடுறானே, அவனைப் பத்தி உங்க பேப்பர்ல ஒண்ணும் வரலையா?"

எனக்குக் கையில் இருந்த டம்ளர் ஆடிவிட்டது.

முதல் செமஸ்டரில் எனக்கு விபத்து நடந்தது என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். டிராயிங் ஷீட்டும் மினி டிராஃப்டருமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பைபாஸ் ஜங்ஷனில் பின்னால் வந்த பைக் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு, இரண்டு பேப்பர் அரியர். யாரோ வண்டியில் ஏற்றிப் போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்பா வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். பணம் கொடுக்கலாம் என்று அப்பா தேடியும் ஆள் கிடைக்கவில்லை. அந்த இரவில் என் நினைவில் நின்றது ஒன்றே ஒன்றுதான். தலைக்குக் கீழே இருந்த சாக்கின் வெங்காய வாசனை.

விண்ணப்பம் வரவில்லை என்று நான் சிவப்பு மையால் அடித்தது அந்தப் பெயரை! என்னைத் தூக்கிப் போனவரின் பெயரை நானே அடித்திருக்கிறேன். அன்று ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் நிதானமாக யோசித்தபோது ஒன்று விளங்கியது. இது என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் இல்லை. விண்ணப்பம் கேட்கும் எந்த விருதிலும் இதுதான் நடக்கும். லோடு இறக்கி வைத்துவிட்டு ஓடுகிறவருக்குப் போட்டோ எடுக்க நேரம் இருக்காது. ஆல்பம் வைத்திருப்பவருக்குத்தான் விண்ணப்பம் போட வரும். விண்ணப்பம் என்ற சல்லடையே, நாம் தேடுகிற ஆளைக் கீழே விட்டுவிட்டு மற்றவரை மேலே நிறுத்துகிறது.

பெரிய விருதுகள் எப்படித் தேடுகின்றன?

அதன்பின் நான் லைப்ரரியிலும் இணையத்திலும் உட்கார்ந்து, மற்ற விருதுகளின் விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் என்னை மிகவும் கவர்ந்தது, சாலை விபத்தில் உதவுவோருக்கு மத்திய அரசு தரும் 'நல்ல சமாரியர்' விருது. 2021 அக்டோபரில் தொடங்கியபோது 5,000 ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். 2025-இல் தொகையை 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றியவருக்கு இது கிடைக்கும்.

இதில் யார் விண்ணப்பம் போடுகிறார்? உதவி செய்தவர் போட வேண்டியதில்லை. அவர் நேரே மருத்துவமனைக்குப் போனால், மருத்துவமனை காவல் நிலையத்துக்கு விவரம் சொல்கிறது. காவல்துறை மருத்துவரிடம் சரிபார்த்து, இடம், தேதி, நேரம், செய்த உதவி எல்லாம் எழுதிய ஒப்புகைக் கடிதத்தை அவருக்குக் கொடுக்கிறது. அதன் நகல் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகிறது. பெயர் புறப்படும் இடத்தைக் கவனியுங்கள். உதவி எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கிருந்து பெயர் புறப்படுகிறது.

சர்வே வகுப்பில் லெவல் எடுக்கும்போது நாம் என்ன செய்வோம்? பெஞ்ச்மார்க்கில் தொடங்கி, சுற்றிவிட்டு, தெரிந்த பெஞ்ச்மார்க்கிலேயே வந்து முடித்து, வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். விருதுக்கும் அப்படி ஒரு பெஞ்ச்மார்க் உண்டு. உதவி பெற்றவர்தான் அது. அவரிடம் தொடங்கி அவரிடமே முடித்தால் கணக்குத் தப்பாது.

மதுரைப் பக்கத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. புல்லுச்சேரி கிராமத்துச் சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலை பார்த்தவர். 'களஞ்சியம்' என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை ஊர் ஊராக வளர்த்தார். 'ஸ்த்ரீ சக்தி' விருது அவரைத் தேடி வந்தது. 2001 ஜனவரியில் டெல்லியில் விருதை வழங்கியபோது, பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அடுத்தவர் கொடிக்குளத்து ஆயி அம்மாள் என்கிற பூரணம். தன் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த, 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, மறைந்த மகளின் நினைவாக 2024 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே குடியரசு தின விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

நாங்கள் வகுத்த முறை

இரண்டாம் ஆண்டு, விண்ணப்பப் படிவத்தைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பதிலாகச் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம்.

முதலில் எல்லையை வரைந்தோம். கல்லூரியைச் சுற்றி பத்து கிலோமீட்டர். குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து செய்திருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் வேலையின் பகுதியாகச் செய்தது கணக்கில் வராது. பதவியில் இருப்பவர்களும், தேர்தலில் நிற்கப் போகிறவர்களும் வேண்டாம்.

இரண்டாவது, கேள்விச் சீட்டு. அதில் ஒரே ஒரு கேள்விதான். "உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால், காசு வாங்காமல் முதலில் வந்து நிற்பவர் யார்?" 'சிறந்த சமூக சேவகர் யார்' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஜனங்கள் பெரிய மனிதர் பெயரைத்தான் சொல்வார்கள். கஷ்டத்தைக் கேட்டால் உண்மையான பெயர் வரும். இந்தச் சீட்டோடு ஜி.எச். அவசரப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம், ஆட்டோ ஸ்டாண்டு, தபால்காரர், தூய்மைப் பணியாளர்கள், பள்ளித் தலைமை ஆசிரியர் என்று இடம் இடமாகப் போனோம்.

முதல் சுற்றில் வந்த பெயர்களைப் பார்த்தால் எல்லாமே ஆண்கள்! காரணம் சுலபம். போனது எல்லாம் நாங்கள், பையன்கள். போனது சாயங்காலம். கேட்டது டீக்கடையிலும் ஸ்டாண்டிலும். இரண்டாம் சுற்றுக்கு எங்கள் துறைப் பெண்கள் ரேஷன் கடை வரிசைக்கும் குழாயடிக்கும் போனார்கள். பெயர்கள் கொட்டின. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு, வயதானவர்களைக் கூட்டிப்போய் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கும் ஒரு அக்காவை அப்படித்தான் கண்டுபிடித்தோம். ஒன்பது வருடமாகச் செய்கிறாராம்! எங்கள் கண்ணில் ஒருநாளும் பட்டதில்லை.

மூன்றாவது, சரிபார்ப்பு. ஒரு பெயருக்கு, ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேராவது சாட்சி சொல்ல வேண்டும். எண்ணிக்கை ஏதாவது சொன்னால் உடனே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்த ரத்ததானக் கணக்கை மறக்காதீர்கள்.

நான்காவது, மதிப்பெண். நூற்றுக்கு: தொடர்ச்சிக்கு 40, அந்த உதவி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 30, தன் நேரமும் காசும் எவ்வளவு போட்டார் என்பதற்கு 20, மற்றவரையும் சேர்த்துக்கொண்டாரா என்பதற்கு 10. தொடர்ச்சிக்கு ஏன் அதிகம்? ஒருநாள் பெரிய காரியம் செய்வது நல்லதுதான். மழையிலும் வெயிலிலும் விடாமல் வருகிறவரை நம்பித்தான் ஊர் இருக்கிறது. மதிப்பெண் போட்டவர்கள் ஒரு மாணவர், ஒரு ஆசிரியர், வெளியாள் ஒருவர். பட்டியலில் சொந்தக்காரர் இருந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நான் என்னைத் தூக்கிப் போனவரின் பெயர் வந்ததும் எழுந்து வெளியே போனேன். வராந்தாவில் நின்ற அந்தப் பத்து நிமிடம், செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஐந்தாவது, சம்மதம். இதை நாங்கள் முதலில் யோசிக்கவே இல்லை. மனு எழுதும் அக்காவிடம் சொன்னபோது அவர் பயந்துவிட்டார். "மேடை எல்லாம் வேணாம் கண்ணு. பேரு வெளிய வந்துச்சுன்னா, மனுவுக்குக் கமிஷன் வாங்குறான்னு நாலு பேரு கிளப்பிவிடுவாங்க. அப்புறம் கெழவிங்க எங்கூட வர மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதே சரி. விருது அவர் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு ரீம் பேப்பரும் ஒரு டஜன் பேனாவும் வாங்கிப் போய் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அதை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

சால்வையா, பலகையா?

குட்டி யானை அண்ணன்தான் தேர்வானார். சொல்லப் போனோம். வண்டிக்குக் கீழே படுத்து ஏதோ டைட் செய்துகொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"சால்வை, கேடயம் எல்லாம் எங்க தம்பி வைக்கிறது? வீடே எட்டுக்குப் பத்து. ஏதாச்சும் செய்யணும்னா ஒரு ஸ்ட்ரெச்சர் செஞ்சு குடுங்க. ரெண்டு பேரு கையையும் காலையும் புடிச்சுத் தூக்கிப் போடும்போது முதுகு வளையுது. அதான் எனக்குப் பயமாவே இருக்கு."

அவர் பயம் மருத்துவப்படி சரியான பயம். ஜி.எச். எலும்பு சிகிச்சைப் பிரிவு மருத்துவரிடம் கேட்டோம். முதுகெலும்பிலோ கழுத்திலோ அடிபட்டவரை வளைத்துத் தூக்கினால், உள்ளே தண்டுவடம் கெட்டு, ஆயுளுக்கும் கை கால் வராமல் போகலாம் என்று விளக்கினார். முதலில் 108-ஐக் கூப்பிட வேண்டும், அது வர வழியில்லாதபோது மட்டும் விறைப்பான பலகையில் நேராகப் படுக்கவைத்து, பட்டை கட்டி எடுத்துப் போகலாம் என்றார். 108 சேவை தமிழகத்தில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது.

நமக்கு வேலை வந்துவிட்டது! மெக்கானிக்கல் நண்பர்களும் நாங்களும் சேர்ந்தோம். 12 மி.மீ. ப்ளைவுட், ஆறேகால் அடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஓரத்தில் கைபிடிக்க எட்டு ஓட்டை. பழைய கார் சீட் பெல்ட் பட்டை மூன்று. அடியில் இரண்டு சட்டம், தரையில் கிடக்கும்போது விரல் நுழைய. வொர்க்‌ஷாப்பில் 120 கிலோ மணல் மூட்டை ஏற்றி, நான்கு பேர் தூக்கி நடந்து பார்த்தோம். குட்டி யானையின் பின்தொட்டிக்குள் நேராக உட்கார்ந்துகொண்டது. சால்வைக்கும் கேடயத்துக்கும் முந்திய ஆண்டு ஆன செலவைவிடக் குறைவாகவே ஆனது.

நண்பர்களே, மற்ற கல்லூரி மாணவருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. நம் கைக்கு ஒரு தொழில் தெரியும். மத்திய அரசு 1978-79-இலேயே 'சமுதாய பாலிடெக்னிக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பாலிடெக்னிக்கில் இருக்கும் தொழில்நுட்பம் சுற்றுக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். விருதுப் பொருளை நாமே செய்து கொடுத்தால் அந்த நோக்கம் நிறைவேறும், விருதும் வேலைக்கு உதவும். எலக்ட்ரிக்கல் துறை இருக்கிறது, இ.சி.இ. இருக்கிறது. அடுத்த ஆண்டு யாருக்கு என்ன தேவையோ!

அண்ணனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஜி.எச்.சில் சேர்த்ததும் பெயர்கூடச் சொல்லாமல் ஏன் ஓடிவிடுகிறார் என்று கேட்டோம். "போலீஸு, கோர்ட்டு, சாட்சின்னு இழுத்தாங்கன்னா லோடு யாரு தம்பி ஓட்டுறது?" என்றார். சட்டம் மாறியது அவருக்குத் தெரியவில்லை. உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. சொல்ல விரும்பினால் சொல்லலாம். தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் நிர்ணயித்த வரம்பு வரை கட்டணமும் கிடையாது.

"அப்படியா! இதை எழுதிக் குடு தம்பி. ஸ்டாண்டுல எல்லா டிரைவருக்கும் காட்டணும்" என்றார். பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, இருபது அட்டை கொடுத்தோம். இப்போது பைபாஸில் பல வண்டிகளில் அது தொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மேடையும் மேடைக்குப் பிறகும்

விழாவை வழக்கம்போல மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தோம். "ஆறு மணிக்கு மேல நான் பைபாஸ்ல இருக்கணுமே தம்பி, அப்பதான் அடிபடுறது ஜாஸ்தி" என்றார். சிறப்பு விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டு, காலை பதினோரு மணிக்கு மாற்றினோம். யாருக்காக விழாவோ அவர் வசதிக்குத்தானே விழா?

இன்னும் இரண்டு மாற்றம் செய்தோம். விருதைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்தோம். கடைசியில் வைத்தால் பாதி நாற்காலி காலியாகிவிடும். அறிமுக உரையை விருந்தினருக்குக் கொடுக்காமல், உதவி பெற்ற ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று வைத்தோம். அந்த மூன்று நிமிடம் எனக்கு வந்தது. எழுதி வைத்த தாளைப் பார்க்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். சிவப்பு மையால் அடித்ததையும் சொன்னேன்.

மேடையை விட்டு இறங்கியதும் அவரிடம் போய், "அண்ணே, அந்தச் சைக்கிள் பையன் நான்தான்" என்றேன். என் முகத்தையே பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"நெறைய பேரு தம்பி. நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன், ரோட்டத்தான் பாப்பேன்" என்றார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்து, "நல்லா கூடிருச்சா? மழைக்காலத்துல வலிக்குதா?" என்று கேட்டார்.

விருது அன்றோடு முடிந்துவிடக் கூடாது என்பதற்கும் ஒரு சேதி சொல்கிறேன். சின்னப்பிள்ளை அம்மாளின் பெயரைச் சொன்னேன் அல்லவா? பிரதமரே வணங்கிய அவருக்குச் சரியான வீடு இல்லை என்ற செய்தி 2024-இல் வெளிவந்தது. அதன்பிறகு தமிழக அரசு அவருக்கு வீடு கட்டித் தர உத்தரவிட்டது. முதல் விருதுக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் இருபது ஆண்டுக்கு மேல்! கை தட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று பார்ப்பதில்லை.

அதனால் ஒரு பதிவேடு தொடங்கி, பேரவை அறை அலமாரியில் வைத்திருக்கிறோம். விருது பெற்றவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, என்ன தேவை என்று அதில் எழுத வேண்டும். கடைசியாக நான் எழுதிய வரி: 'பலகையில் ஒரு பட்டை அறுந்துள்ளது, மாற்ற வேண்டும்'. அறுந்திருக்கிறது என்றால் பயன்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பட்டையை மாற்றும் வேலை அடுத்த பேரவைக்கு. கேள்விச் சீட்டுக் கட்டும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு முதலில் வாட்ச்மேன் தாத்தாவிடம் போங்கள். அவர் சொல்லும் பெயரை அடிக்காதீர்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை